ஹார்லன் தம்பி குடித்த தண்ணீர்

செவ்வாய்க்கிழமை காலை. பேர் பதியும் பெரட்டு கலைந்து ஆட்கள் மலைக்கு ஏறிவிட்டார்கள். நான் தோட்டத்து டிஸ்பென்சரியில் ஒரு பிள்ளையின் காலில் இருந்த புண்ணைக் கழுவிக்கொண்டிருந்தேன். அப்போது தெரணியகலைக் கடைவீதியிலிருந்து கடைக்காரர் காசிம் நானா ஏறி வந்தார். அவர் முட்டிவலிக்காரர். மூன்று மைல் ஏற்றத்தை நடந்து வருகிறவர் அல்லர். வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு மூச்சு வாங்கினார். கையில் ஒரு தந்தி இருந்தது.

"டாக்டர், நம்மட தம்பி மௌத்தாப் போயிட்டாராம்" என்றார்.

"எந்தத் தம்பி?" என்று கேட்டேன்.

"என்ன டாக்டர் இது? நம்மட ஹார்லன் தம்பி. கொழும்பு ஆஸ்பத்திரியில. நேத்து விடிய சுபஹு நேரம்."

நான் புண்ணுக்குத் துணி கட்டி முடித்தேன். வியாழக்கிழமை மறுபடியும் கூட்டிவரும்படி தாயிடம் சொன்னேன். கையைக் கழுவினேன். "பெயர் மாறி அடித்திருப்பார்கள், அது வேறு யாராவதாக இருக்கும்" என்றேன். காசிம் நானா அழுதார். எனக்கு அவர்மேல் கோபம் கோபமாக வந்தது. பத்து நாளைக்கு முன்பு நானே தலையணை வைத்து லொறியில் ஏற்றி அனுப்பிய பையன். காய்ச்சல்தானே. இந்த மலையில் யாருக்குக் காய்ச்சல் வரவில்லை? இருபத்தொரு வயதுக்காரன் காய்ச்சலில் போவானா என்று என்னையே கேட்டுக்கொண்டேன். போவான் என்பது என் தொழிலில் இருப்பவனுக்குத் தெரியாததல்ல. ஆனாலும் அன்று மத்தியானம்வரை அந்தத் தந்தியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதை எழுதும்போது ஒரு மாதம் ஆகப்போகிறது. இந்த மாதிரிக் கட்டுரைகளில் இறந்தவரை 'அவர்' என்று எழுதுவதுதான் முறை. நானும் அப்படித்தான் தொடங்கினேன். நாலு வரிக்கு மேல் ஓடவில்லை. அவன் என் மூத்த மகனைவிட இரண்டு வயது இளையவன். முகத்துக்கு நேரே வாடா போடா என்று பேசியிருக்கிறேன். அவன் என்றே எழுதுகிறேன். அவனை அறிந்தவர்கள் பொறுத்துக்கொள்வார்கள். அவர்கள் என்னையும் அறிவார்கள். நான் டாக்டர் அல்லன். மருந்து கலக்கிக் கொடுக்கும் டிஸ்பென்சர். தோட்டத்தில் அதற்கும் டாக்டர் ஐயா என்றுதான் பெயர். திருத்திச் சொல்வதை நான் விட்டு நெடுநாளாயிற்று.

ரப்பர் விலை விழுந்து பாதி மரங்களில் பால்வெட்டு நின்றுபோயிருந்த சமயத்தில் அவர்கள் இரண்டு பேர் வந்து சேர்ந்தார்கள். அமெரிக்காவில் மோர்மன் என்று ஒரு மார்க்கம் இருக்கிறதாம். அந்த மார்க்கத்துப் பையன்கள் மீசை முளைத்ததும் இரண்டு வருடம் வீட்டை விட்டுப் புறப்பட்டு, இரண்டிரண்டு பேராக, தெரியாத தேசத்தில் வீடு வீடாகப் போய்ப் போதிக்க வேண்டுமாம். சம்பளம் கிடையாது. அவர்களுக்கு எல்டர் என்று பட்டம். மூப்பர் என்று அர்த்தம். இருபது வயதில் மூப்பரா என்று நான் சிரித்தேன். "ஆமாம், எங்கள் அம்மாவும் சிரித்தாள்" என்றான் ஹார்லன். கூட வந்தவன் நோரிஸ். அவன் அதிகம் பேசமாட்டான். இவன் பேசாமல் இருக்கமாட்டான்.

காசிம் நானாவின் கடைக்கு மேல் அறையில்தான் குடியிருந்தார்கள். வெள்ளைக்காரன் என்றால் குதிரையில் வருவான், காரில் வருவான், அவன் பெட்டியைத் தூக்க ஓர் ஆள் பின்னால் வருவான். இப்படித்தான் நாங்கள் பார்த்திருக்கிறோம். இவர்கள் தங்கள் பெட்டியைத் தாங்களே தூக்கிக்கொண்டு அவிசாவளைப் பாதையில் நடந்து வந்தார்கள். வந்த மறுநாள் காலையில் கடைக்குப் பின்னால் ஓடும் ஓயாவில் இறங்கித் தங்கள் சட்டையைத் தாங்களே துவைத்தார்கள். கடைவீதியே போய் வேடிக்கை பார்த்தது. சலவைக்காரர் காசிம் நானாவிடம் வந்து சண்டை போட்டார். ஹார்லன் மேலேறி வந்து, நனைந்த காற்சட்டையோடு, சலவைக்காரரிடம் தன் ஒரு கோட்டை நீட்டி, "இதை மட்டும் எனக்குத் துவைக்கத் தெரியாது" என்றானாம். அதோடு சண்டை முடிந்தது.

விடியுமுன் எழுந்து முழங்காலில் நின்று ஜெபம் செய்வார்கள். பிறகு வேதம் வாசிப்பு. பிறகு இரண்டு மணி நேரம் தமிழ். பால் வெட்டுகிறவர்கள் மத்தியானத்துக்குமேல் வரிசை வீடுகளான லயத்துக்குத் திரும்பிவிடுவார்கள் என்பதால், வெயில் சாயும் நேரத்தில் மலையேறி வருவார்கள். வந்தால் வாசலில் நின்று பேசிவிட்டுப் போகிற வழக்கம் இவனிடம் இல்லை. லயத்து அறையான காம்பராவுக்குள் வரச் சொல்லும்வரை நிற்பான். சொன்னதும் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிடுவான். முதலில் பெண்கள் பயந்தார்கள். பிறகு பாய் எடுத்துப் போட்டார்கள். சாராயம் இல்லை, சுருட்டு இல்லை, வெற்றிலை இல்லை. காசிம் நானாவுக்கு அதில் பெரும் திருப்தி. "மனிசன்மார் நல்லவங்கதான் டாக்டர். ஆனா தேத்தண்ணியும் குடிக்காம எப்பிடி உசிரோட இருக்காங்க எண்டுதான் எனக்கு வெளங்கல்ல" என்று என்னிடம் சொன்னார்.

தேயிலையும் காப்பியும் அவர்கள் மார்க்கத்தில் விலக்கு. ரப்பரோடு தேயிலையும் விளைகிற மலையில் நின்றுகொண்டு தேயிலை ஆகாது என்பவனை நான் சும்மா விடுவேனா? "ஏண்டா, துரை காதில் விழுந்தால் உன்னை ரப்பர் ஷீட்டோடு சேர்த்துக் காயப்போட்டுவிடுவாரே" என்று கிண்டல் செய்வேன். உண்மையில் துரை அவனை ஒருநாள் பங்களாவுக்குக் கூப்பிட்டு அனுப்பினார். நான் கவலையோடு காத்திருந்தேன். அவன் சிரித்துக்கொண்டே திரும்பி வந்தான். "துரை எனக்கு டீ கொடுத்தார். வேண்டாம் என்றேன். இந்த மலையில் டீ வேண்டாம் என்று சொன்ன முதல் ஆள் நீதான் என்று சொல்லிப் பழச்சாறு கொண்டுவரச் சொன்னார்" என்றான்.

அவன் போதனையைப் பற்றி எனக்கு அதிகம் சொல்லத் தெரியாது. நான் திருநீறு பூசுகிறவன். கடைசிவரை பூசிக்கொண்டுதான் அவனோடு வாதாடினேன். ஆனால் ஒன்றைச் சொல்ல வேண்டும். அவன் பாட்டனும் பாட்டியும் தள்ளுவண்டியில் சாமானை ஏற்றிக்கொண்டு, மாதக் கணக்கில் நடந்து, வழியில் பிள்ளைகளைப் புதைத்துவிட்டு, உப்பு ஏரி ஒன்றின் பக்கத்தில் போய்க் குடியேறியவர்களாம். இதை அவன் மேல் லயத்து முற்றத்தில் சொன்னபோது, அதுவரை கொட்டாவி விட்டுக்கொண்டிருந்த கிழவர் ஒருவர் நிமிர்ந்தார். "நாங்களும் மன்னார்க் காட்டு வழியா நடந்துதாங்க வந்தோம். எங்க ஆத்தாள வழியிலதான் போட்டுட்டு வந்தோம்" என்றார். "அவங்க பேர் என்ன?" என்று கேட்டான் ஹார்லன். கிழவர் சொன்னார். அவன் நோட்டுப் புத்தகத்தில் எழுதிக்கொண்டான். அந்தப் பெயரை யாரும் எழுதிவைப்பது அதுதான் முதல் தடவை என்று கிழவர் என்னிடம் இரண்டு மூன்று முறை சொல்லியிருக்கிறார்.

அதே கிழவர் இன்னொரு நாள் அவனை மடக்கினார். தன் நாலு பிள்ளைகளையும் சாமி எதற்காக எடுத்துக்கொண்டது என்று கேட்டார். மற்றப் பாதிரிமார் என்றால் அதற்கு உடனே ஒரு பதில் வைத்திருப்பார்கள். இவன், "எனக்குத் தெரியாது. யோசித்து வந்து சொல்கிறேன்" என்றான். மூன்று நாள் கழித்து, கொட்டுகிற மழையில், மூன்று மைல் ஏறி வந்தான். அட்டை கடித்த காலோடு கிழவர் முன்னால் உட்கார்ந்து, "மூன்று நாளும் யோசித்தேன். இன்னும் தெரியவில்லை. அதைச் சொல்லத்தான் வந்தேன்" என்றான். கிழவர் அவன் காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிடுங்கிப் போட்டார்.

இனி நான் எழுதத் தயங்குகிற இடத்துக்கு வருகிறேன்.

எங்கள் தோட்டத்தில் மேல் லயம், பணிய லயம் என்று இரண்டு உண்டு. தோட்டத்தை அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன்: பணிய என்றால் கீழே. இடத்தால் மட்டும் கீழே அல்ல. ஊரில் எந்தச் சாதியாரை ஒதுக்கி வைத்தார்களோ அவர்களைக் கப்பல் ஏறி வந்த பிறகும் ஒதுக்கியே குடிவைத்திருக்கிறார்கள். மேல் லயத்துக்காரர் பணிய லயத்தில் கை நனைப்பதில்லை. வேலை மேய்க்கும் கங்காணியோ கணக்கு எழுதும் கிராணியோ நானோ அங்கே போனால் முற்றத்தில் நின்று வேலையை முடித்துக்கொண்டு திரும்புவோம்.

ஹார்லன் முதன்முதலில் பணிய லயத்துக்குப் போன நாளில் கருப்பாயி தேத்தண்ணி போட்டாள். கருப்பாயி பால் வெட்டுகிறவள்; புருஷன் இல்லை; பேச்சில் அவளை யாரும் வெல்ல முடியாது. சர்க்கரை இரவல் வாங்கி, பித்தளைக் கிளாஸைப் புளி போட்டு விளக்கி, ஊற்றிக் கொண்டுவந்து இரண்டு கையாலும் நீட்டினாள். அவன் நெஞ்சில் கைவைத்து, "வேண்டாம் அம்மா, நான் குடிக்கமாட்டேன்" என்றான். நோரிஸும் தலையை ஆட்டினான்.

லயமே பேச்சை நிறுத்திவிட்டதாம். ஏனென்றால், அதற்கு முந்தின வாரம் மேல் லயத்தில் கங்காணி வீட்டில் இவன் வாழைப்பழம் சாப்பிட்டான் என்பது எல்லாருக்கும் தெரியும். அங்கேயும் தேத்தண்ணியை மறுத்துவிட்டுத்தான் சாப்பிட்டான் என்பது யாருக்கும் தெரியாது. கருப்பாயி தேத்தண்ணியை வாசலில் கொட்டினாள். "வெள்ளக்காரனுக்கும் சாதி தெரிஞ்சி போச்சு பாத்தீங்களாடி" என்றாள். ஒவ்வொரு காம்பராவாகக் கதவு சாத்தப்பட்டது.

மறுநாள் அவன் என் வீட்டுக்கு வந்தான். முகம் வெளுத்திருந்தது. "நான் என்ன செய்துவிட்டேன்? எனக்கு விளங்கவில்லை" என்றான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டுச் சாதியைப் பற்றி ஒரு மணி நேரம் விளக்கினேன். கையில் வாங்கிக் குடிப்பது, குடியாமல் விடுவது, எதற்கு என்ன பொருள் என்பதையெல்லாம் சொன்னேன். என் மனைவி அவனுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். எங்கள் வீட்டுத் தண்ணீர் எப்போதும் கொதித்து ஆறிய தண்ணீர். அதைக் குடித்தான்.

"அப்படியானால் நான் என்ன செய்ய வேண்டும்?" என்று கேட்டான்.

"தண்ணி கேள்" என்றேன். "அவங்க கையால மொண்டு குடுக்கிற தண்ணிய வாங்கிக் குடி. தேத்தண்ணியவிட அது பெரிசு. அதுக்குமேல உன்னை யாரும் ஒண்ணும் சொல்லமாட்டாங்க."

நான் சொன்னது இவ்வளவுதான். இன்னும் ஒரு வார்த்தை சேர்த்துச் சொல்லியிருக்கலாம். சுடுதண்ணி கேள் என்று சொல்லியிருக்கலாம். அவன் மார்க்கம் சுடுதண்ணீரைத் தடுக்கவில்லை. எனக்கு அது தோன்றவே இல்லை. தோட்டத்தில் எவனைக் கண்டாலும் தண்ணீரைக் காய்ச்சிக் குடி என்று கத்துகிறவன் நான். அந்த ஒரு மணி நேரம் என் புத்திசாலித்தனத்தை நானே ரசித்துக்கொண்டிருந்தேன்.

அன்று பிற்பகலே அவன் பணிய லயத்துக்குப் போனான். நோரிஸ் நாளைக்குப் போகலாம் என்றானாம். "எந்த வாசலில் தப்பு செய்தேனோ அந்த வாசலில்தான் சொல்ல வேண்டும். நாளைக்கு என்றால் அந்த வாசல் தூரமாகிவிடும்" என்று இவன் பதில் சொன்னதாக நோரிஸ் பிறகு எனக்குச் சொன்னான். கருப்பாயியின் சாத்திய கதவுக்கு முன்னால் நின்று, எல்லாருக்கும் கேட்கும்படி பேசினான். "நேத்து நான் செஞ்சது தப்பு. தேத்தண்ணி எங்க வேதத்துல ஆகாது. கங்காணி வீட்டிலயும் நான் குடிக்கல. நீங்க வருத்தப்பட்டீங்க. எனக்குத் தண்ணி தருவீங்களா?"

கருப்பாயி கதவைத் திறந்தாள். சோதித்துப் பார்க்கிறவளாய்க் குடத்திலிருந்து மொண்டு கொடுத்தாள். அவன் அண்ணாந்து ஊற்றிக்கொள்ளவில்லை; கிளாஸை வாயில் வைத்துக் குடித்தான். அடுத்த காம்பராவுக்குப் போனான். அங்கேயும் கேட்டான். பன்னிரண்டு காம்பராவிலும் குடித்தான். மறுநாள் காலை கருப்பாயி டிஸ்பென்சரிக்கு வந்து, எந்த நோயும் இல்லாமல், "பன்னெண்டு வீட்லயும் குடிச்சிருச்சுங்க அந்தப் புள்ள! வாய் வச்சுக் குடிச்சிச்சுங்க!" என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் கிராணிமார் குவார்ட்டர்ஸில் உட்கார்ந்து, இந்த யோசனை என்னுடையது என்று பெருமை அடித்துக்கொண்டேன். ஒருவராவது, பச்சைத் தண்ணீரா என்று கேட்கவில்லை. அதன்பின் ஏழு மாதம், வாரத்துக்கு மூன்று முறை, போகிற வீட்டிலெல்லாம் அவன் தண்ணீர் கேட்டுக் குடித்தான்.

பிறகு ஒருநாள் தலைவலி என்றான். காய்ச்சல் இருந்தது. மலேரியாவுக்கான கொயினா கொடுத்தேன். சபரகமுவையில் காய்ச்சல் என்றால் கொயினாதான், கேள்வி கிடையாது. காசிம் நானாவின் மேல் அறையில் படுத்திருந்தான். ஐந்தாம் நாளும் காய்ச்சல் இறங்கவில்லை, படிப்படியாக ஏறியது. நாக்கு வெளுத்திருந்தது. எட்டாம் நாள் நோரிஸ், கொழும்புக்குக் கொண்டுபோகிறேன் என்றான். தோட்டத்து லொறியில் அவிசாவளை ரயிலுக்கு ஏற்றி அனுப்பினோம். லொறியில் படுத்தபடி, "நாளைக்குப் பணிய லயத்துக்கு வருவேன் என்று சொல்லியிருக்கிறேன். வரமுடியாது என்று நீங்கள் போய்ச் சொல்லுங்கள்" என்றான். சரி என்றேன். நான் போகவில்லை. கங்காணியிடம் சொல்லியனுப்பினேன்.

இறந்த செய்தி வந்த அன்று பிற்பகல் கருப்பாயி வந்தாள். அழுது ஓய்ந்திருந்தாள். "என்ன காய்ச்சலுங்க ஐயா?" என்று கேட்டாள். மலேரியா என்றேன். "கொசுக் கடியாலதானுங்களே?" என்று மறுபடியும் கேட்டாள். ஆமாம் என்றேன். அன்றைக்கு நானும் அப்படித்தான் நம்பினேன். அவள் ஏன் இரண்டாம் தடவை கேட்டாள் என்பது எனக்கு மறுநாள்தான் தெரிந்தது. மேல் லயத்தில் ஒரு பேச்சுக் கிளம்பியிருந்தது. "அவளுக கையால தண்ணி வாங்கிக் குடிச்சான்ல, சாமி விடுமா?" என்று தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நின்று சொன்னார்களாம்.

நாலாம் நாள் நோரிஸின் கடிதம் வந்தது. குடற்காய்ச்சல், மலேரியா அல்ல என்று கொழும்பு டாக்டர்மார் கண்டுபிடித்தார்களாம். அவர்கள் கேட்ட முதல் கேள்வி: எங்கே தண்ணீர் குடித்தான்? தாங்கள் இருவரும் காய்ச்சிய தண்ணீர் எடுத்துப் போவது வழக்கம் என்றும், லயங்களில் மட்டும் ஹார்லன் தன் போத்தலைத் திறக்கமாட்டான் என்றும், 'டாக்டர் ஐயா சொல்லியிருக்கிறார்' என்பான் என்றும் நோரிஸ் எழுதியிருந்தான். என்னைக் குறைசொல்ல எழுதியதல்ல, நடந்ததை எழுதியிருந்தான். கடைசியில் ஒரு செய்தி. ஹார்லன் தமிழ் எழுதிப் பழகும் நோட்டில், கடைசிப் பக்கத்தில், ஒரே வாக்கியத்தை மூன்று முறை எழுதியிருக்கிறானாம். நோரிஸ் அதைப் பார்த்து எழுத்து எழுத்தாக வரைந்து அனுப்பியிருந்தான்.

'இந்தப் பீலித் தண்ணீரைக் காய்ச்சாமல் குடிக்கலாகாது.'

அது என் வாக்கியம். பணிய லயத்துப் பீலியில் பலகையில் எழுதி, என் கையால் ஆணி அடித்து மாட்டியது. அந்த லயத்தில் ஒருவருக்கும் வாசிக்கத் தெரியாது என்று தெரிந்தே மாட்டியது. எதற்காக மாட்டினேன் என்றால், அந்தப் பீலிக்கு மேலே உள்ள சரிவில்தான் மேல் லயத்து ஆட்கள் காலையில் ஒதுங்குகிறார்கள். மழை பெய்தால் எல்லாம் பீலிக்குத்தான் இறங்கும். அதை நிறுத்த வேண்டுமானால் கங்காணியோடு மோத வேண்டும், துரையிடம் போக வேண்டும். பலகை எழுதுவது சுலபமாக இருந்தது. ஹார்லன் அதை நின்று வாசித்து எழுதியிருக்கிறான். பொருள் புரிந்து எழுதினானா, கையெழுத்துத் திருந்த எழுதினானா? புரிந்தும், காய்ச்சித் தா என்று கேட்டால் கருப்பாயி மறுபடி கதவைச் சாத்துவாள் என்று குடித்தானா? எனக்குத் தெரியாது. இனித் தெரியவும் போவதில்லை. கடிதத்தை மடித்து மேசையில் வைத்தேன்.

பத்து நாள் யாரிடமும் வாய் திறக்கவில்லை. குடற்காய்ச்சல் என்று சொன்னால், தண்ணீரால் என்று சொல்ல வேண்டும். தண்ணீரால் என்றால் மேல் லயத்துக்காரர்கள், பார்த்தாயா என்பார்கள். கருப்பாயி தன் கையைத் தானே வெட்டிக்கொண்டாலும் ஆச்சரியமில்லை. சொல்லாமல் விட்டால் பணிய லயம் அதே தண்ணீரைக் குடிக்கும். இப்படி இரண்டு பக்கமும் நியாயம் தேடிக்கொண்டிருந்தேன். அதில் பெரும்பாகம் பயம். என் பெயர் வெளியே வந்துவிடுமே என்ற பயம்.

போன ஞாயிற்றுக்கிழமை போனேன். முற்றத்தில் நின்று பேசலாம் என்று ஒரு கணம் தோன்றியது. பிறகு கருப்பாயியின் வாசலுக்கே போனேன். லயம் கூடிவிட்டது. "அந்தப் பையன் மலேரியாவுல சாகல. தண்ணியால வந்த காய்ச்சல். உங்க கையால இல்ல. பீலிக்கு மேல மேல் லயத்தான் அசிங்கம் பண்றான், அதுதான் தண்ணியில இறங்குது. அது எனக்கு முன்னாலயே தெரியும். தெரிஞ்சும் அவனைத் தண்ணி கேட்டுக் குடிக்கச் சொன்னவன் நான்தான்" என்றேன். பீலிக்கு மேலே ஒதுங்குவதை நிறுத்தும்படி துரையிடம் எழுத்தில் கொடுத்துவிட்டேன் என்றும் சொன்னேன். அன்று காலையில்தான் கொடுத்திருந்தேன்.

யாரும் அழவில்லை. எனக்கு அது பொறுக்க முடியவில்லை. திட்டினாலாவது நன்றாயிருக்கும் என்று நினைத்தேன். கருப்பாயி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஐயா, ஒண்ணு கேக்கட்டுங்களா?" என்றாள். "நீங்க வந்து பதினோரு வருசமாச்சு. இந்த லயத்துல எம்புட்டோ புண்ணு பாத்திருக்கீங்க, காய்ச்சல் பாத்திருக்கீங்க. ஒரு நாளும் ஒரு வாய் தண்ணி குடிச்சதில்ல. அது கெட்ட தண்ணின்னா, எங்க தண்ணின்னா?"

சொல்வதற்குச் சுலபமான பதில் என் கையிலேயே இருந்தது. பலகைகூட மாட்டியிருக்கிறேன். ஊரில் எவனும் சந்தேகப்பட மாட்டான். அந்தப் பையன் கிழவர் முன்னால் காலில் இரத்தம் ஒழுக உட்கார்ந்து, தெரியவில்லை என்று சொன்ன முகம் என் முன்னால் வந்தது.

"உங்க தண்ணின்னுதான்" என்றேன்.

அவனை அறிந்தவர்களே, ஹார்லனிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டது அந்த ஒரு பதில்தான். அவன் வேதத்தை நான் ஏற்கவில்லை. அவன் தாய்க்கு எழுதத் தொடங்கிய கடிதம் இன்னும் முடியவில்லை. முடித்து அனுப்புவேன், என் பெயரை அதில் மறைக்கமாட்டேன். கேட்ட வாசலில் நின்று உள்ளதைச் சொல்வது எப்படி என்று எனக்குத் தெரியாமல் இருந்தது. இப்போது ஒரு தடவை சொல்லிவிட்டேன்.

 என் பதிலைக் கேட்ட கருப்பாயி உள்ளே போய்ப் பாயை எடுத்துவந்து தரையில் போட்டாள். "உக்காருங்க ஐயா. இனிமே இந்த லயத்துல யாருக்கும் பச்சத்தண்ணி குடுக்கிறதில்லைங்க. தேத்தண்ணி கொதிக்குது" என்றாள். நான் உட்கார்ந்தேன்.